206 எலும்பின் பெயரும் மூன்று வாரத்தில்: பட்டியல் மனப்பாடம் நிற்கவில்லை, வேறு வழி உண்டா?

கெடிலக்கரை (கேள்வி)

வணக்கம். பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முதலாண்டு. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. மூன்று வாரத்தில் எலும்பு வைவா (வாய்மொழித் தேர்வு). தினம் 20 பெயர் என்று பட்டியல் போட்டுப் படிக்கிறேன், நாலாவது நாள் பார்த்தால் முதல் நாள் படித்தது காணாமல் போயிருக்கிறது.

முக்கியமாக மாட்டுகிற இடங்கள்: மணிக்கட்டில் உள்ள 8 எலும்பின் வரிசை வரவே மாட்டேன் என்கிறது, அதிலும் ட்ரபீசியமும் ட்ரபிசாய்டும் ஒன்றுக்கொன்று மாறிப்போகின்றன. கார்ப்பல், டார்சல், மெட்டாகார்ப்பல், மெட்டாடார்சல் எல்லாம் வேகமாகக் கேட்டால் குழம்புகிறது. எலும்பைக் கையில் கொடுத்து வலதா இடதா என்று கேட்டால் ஊகம்தான். கையில் இருப்பது சீனியர் கொடுத்த பாதி செட், பிளாஸ்டிக்.

தமிழ்ப் பெயரை வைத்துப் படிப்பது உதவுமா, அல்லது அது இரட்டை வேலையா?

சுண்ணாம்புக்கல்

முதலில் அந்தப் பட்டியலை மூடி வை தம்பி. எலும்புதான் 206. பெயர் 206 இல்லை.

கணக்குப் போட்டுப் பார். கை, கால் விரல் எலும்புகள் 56, எல்லாமே ஃபேலங்க்ஸ் (பன்மையில் ஃபேலஞ்சஸ்). விலா எலும்பு 24, ஒரே பெயர். தனித்தனி முள்ளெலும்பு 24, அதற்குக் கழுத்தில் சர்விகல், நெஞ்சுக்குப் பின்னால் தொராசிக், இடுப்பில் லம்பார் என்று மூன்று பெயர். மெட்டாகார்ப்பல் 10, மெட்டாடார்சல் 10. ஆக வெறும் 7 பெயரில் 124 எலும்பு முடிந்தது. மீதி 82 எலும்பு, பெரும்பாலும் இடம் வலம் ஜோடி. ஜோடியை ஒன்றாக எண்ணினால், பாதத்தில் உள்ள மூன்று க்யூனிஃபார்மையும் ஒரே பெயராக எடுத்துக்கொண்டால், இன்னும் 44 பெயர். மொத்தம் 51. நீ படிக்க வேண்டியது அவ்வளவுதான். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்பான அட்லஸ், ஆக்ஸிஸ் இரண்டையும் தனியாகச் சேர்த்தால் 53.

இந்த 51-ஐ இப்படிப் பிரி. முதல் நாள் மேலே சொன்ன 7. இரண்டாம் நாள் கை கால்களின் பெரிய எலும்புகள் 10: தோளில் கிளாவிக்கிள், ஸ்கேப்புலா, மேற்கையில் ஹ்யூமரஸ், முன்கையில் ரேடியஸ், அல்னா, இடுப்பெலும்பு, தொடையில் ஃபீமர், முழங்காலில் பட்டெல்லா, முழங்காலுக்குக் கீழே டிபியா, ஃபிபுலா. மூன்றாம் நாள் மணிக்கட்டு 8. நாலாம் நாள் கணுக்காலின் டார்சல், எலும்பு 7 ஆனாலும் பெயர் 5 தான். அடுத்த இரண்டு நாள் மண்டையோட்டின் 14 பெயர். கடைசியில் உதிரிகள் 7: காதுக்குள் இருக்கும் மூன்று, தொண்டையில் ஹையாய்டு, நெஞ்சின் நடுவில் ஸ்டெர்னம், முதுகுத்தண்டின் அடியில் சேக்ரம், காக்ஸிக்ஸ். ஏழு நாளில் ஒரு சுற்று வந்துவிடும். மிச்சம் இரண்டு வாரம் பக்கம் கண்டுபிடிப்பதற்கும் எலும்பில் உள்ள மேடு பள்ளங்களுக்கும். வைவாவில் மதிப்பெண் அங்கேதான்.

படித்தது நாலாவது நாள் போய்விடுகிறது என்றால் நீ பட்டியலைப் பார்த்துப் படிக்கிறாய் என்று அர்த்தம். பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். வெற்றுத் தாளில் குச்சி மனிதன் ஒன்று வரைந்து, எதையும் பார்க்காமல் பெயரை எழுது. விட்டதையும் தப்பையும் சிவப்பில் திருத்து. மறுநாள் புதியதைத் தொடும் முன் நேற்றைய சிவப்பை மட்டும் எழுது. அதே தாளை மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் மறுபடி. ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஸ்பெல்லிங்கோடு எழுது, வாயில் சரியாகச் சொல்பவர்கள்கூட தாளில் ஃபேலஞ்சஸுக்கும் காக்ஸிக்ஸுக்கும் மதிப்பெண் விடுகிறார்கள்.

கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி. அச்சுக் கூட்டில் (தலை, முதுகுத்தண்டு, நெஞ்சு) 80: மண்டை 22, காது 6, ஹையாய்டு 1, முதுகுத்தண்டு 26, விலா 24, ஸ்டெர்னம் 1. ஒரு கைக்கு 32, ஒரு காலுக்கு 31. கைக்கு ஏன் ஒன்று கூட என்று வைவாவில் கேட்பதுண்டு. கையில் கிளாவிக்கிள், ஸ்கேப்புலா என்று தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்றுதான். மணிக்கட்டில் 8, கணுக்காலில் 7. இந்த இரண்டாலும் கைக்கு இரண்டு கூடுகிறது. காலில் பட்டெல்லா ஒன்று இருப்பதால் வித்தியாசம் ஒன்றாகக் குறைகிறது.

மெரினா சுண்டல்

மணிக்கட்டு என்னுடைய ஏரியா. ஆங்கிலத்தில் இதற்கென்றே சுற்றிக்கொண்டிருக்கும் வாக்கியங்கள் பாதி சபையில் சொல்ல முடியாதவை, மீதி நினைவில் நிற்காதவை. முதலெழுத்தை விடு, பெயரின் பொருளைப் பிடி. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை பழைய லத்தீன், கிரேக்கக்காரர்கள் பார்த்த உருவத்துக்கு வைத்த பெயர்.

மேல் வரிசை, கட்டைவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம்: ஸ்கேஃபாய்டு படகு. லூனேட் பிறை நிலா. ட்ரைக்வெட்ரல் முக்கோணம். பிசிஃபார்ம் பட்டாணி. இப்போது கடற்கரையை நினை. கரையில் படகு, மேலே நிலா, கையில் முக்கோணப் பொட்டலம், அதன் மேல் பட்டாணி. பட்டாணி பொட்டலத்துக்குப் பக்கத்தில் இல்லை, மேலேதான் இருக்கிறது; பிசிஃபார்ம் உண்மையிலேயே ட்ரைக்வெட்ரலின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, வேறு எந்த எலும்போடும் அதற்கு மூட்டு கிடையாது.

கீழ் வரிசை, அதே திசையில்: ட்ரபீசியம் மேசை. ட்ரபிசாய்டு மேசை மாதிரி, அதாவது குட்டி மேசை. கேபிடேட் தலை. ஹேமேட் கொக்கி. சுண்டல் கடையின் மேசை, பக்கத்தில் குட்டி மேசை, நடுவில் கடைக்காரர் தலை, ஓரத்தில் பொட்டலத் தாள் மாட்டிய கொக்கி. எட்டும் முடிந்தது.

ட்ரபீசியம், ட்ரபிசாய்டு குழப்பத்துக்கு: சாய்டு என்பது கேபிடேட் மேல் சாய்ந்து இருப்பது. சாய்டு, சாய்ந்தது. அது ஆள்காட்டி விரலின் மெட்டாகார்ப்பலுக்கு அடியில், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ் வரிசையிலேயே சிறியது. கட்டைவிரலுக்கு அடியில் இருப்பது ட்ரபீசியம்.

வரிசையை எப்போதும் கட்டைவிரல் பக்கத்திலிருந்தே தொடங்கு, இரண்டு வரிசைக்கும். மேல் வரிசை முடிந்ததும் அப்படியே வளைந்து சுண்டுவிரல் பக்கத்திலிருந்து கீழே வருவது சிலர் பழக்கம். அப்படிப் படித்தவர்கள் எக்ஸ்ரேயைக் காட்டினால் ட்ரபீசியம் இருக்கும் இடத்தில் ஹேமேட் என்பார்கள்.

சுண்ணாம்புக்கல்

சாய்டு நல்லா இருக்கு, நானும் எடுத்துக்கொள்கிறேன்.

கார்ப்பல், டார்சல் குழப்பத்துக்கு ஒன்று. கார்ப்பல் என்பதில் "கா" இருப்பதால் பலருக்கு கால் என்று ஓடுகிறது. தமிழ் வழியில் வந்தவர்களுக்கே உரிய தப்பு இது. நேர்மாறாக வைத்துக்கொள்: கார்ப்பல் காலில் இல்லை. டார்சல் தரையில், "ட"வும் "த"வும் பக்கத்து வீடு. மெட்டா என்றால் அடுத்தது. மெட்டாகார்ப்பல் கார்ப்பலுக்கு அடுத்தது, உள்ளங்கை. மெட்டாடார்சல் டார்சலுக்கு அடுத்தது, பாதத்தின் நடு.

இன்னொன்று, இதைவிட முக்கியம். நமக்குக் கை என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கை. கால் என்றால் தொடையும் கால்தான். உடற்கூறியலில் அப்படி இல்லை. "ஆர்ம்" என்பது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மட்டும், அதில் ஒரே எலும்பு. "லெக்" என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் மட்டும், தொடை அதில் சேராது. ஃபீமரைக் காட்டி "லெக் எலும்பு" என்று சொன்னால் அங்கேயே ஒரு கோடு விழும்.

கெடிலக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. 51 என்று பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. பக்கம் பார்ப்பது மட்டும் கொஞ்சம் விளக்க முடியுமா? ஹ்யூமரஸ், ஃபீமர் எல்லாம் தலை இருப்பதால் ஓரளவு வருகிறது. கிளாவிக்கிளும் ஃபிபுலாவும்தான் வருவதில்லை. ஃபிபுலாவில் எது மேல் முனை என்பதே தெரியவில்லை.

மூட்டுவாயில்

எந்த எலும்பானாலும் கேள்வி மூன்றுதான்: எது மேல், எது முன், எது நடுக்கோட்டுப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கண்டுபிடித்தால் பக்கம் தானாக வரும். இரண்டு அடையாளத்தோடு நிறுத்தினால் பாதிக்குப் பாதி தப்பு வரும், ஊகத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

ஃபிபுலா. இரண்டு முனையும் கூராகத் தெரியும், அதனால்தான் குழப்பம். கீழ் முனையில் மட்டும் ஒரு குழி உண்டு, சுண்டுவிரல் நுனி பதிகிற அளவு. அதை மல்லியோலர் ஃபோசா என்பார்கள். குழி இருக்கும் முனை கீழே, குழி பின்னால். குழிக்குச் சற்று முன்னால் வழவழப்பான முக்கோண முகம் இருக்கும், அது கணுக்கால் எலும்பான டேலஸைத் தொடுகிற முகம், அது நடுக்கோட்டுப் பக்கம். குழியை உன்னைப் பார்க்கப் பிடி. முக்கோண முகம் உன் இடப்பக்கம் திரும்பியிருந்தால் அது வலது ஃபிபுலா. தண்டில் உள்ள விளிம்புகளை வைத்துப் பார்க்காதே, திருகித் திருகிப் போகும், ஆளுக்கு ஆள் மாறும்.

கிளாவிக்கிள். தட்டையான முனை தோள் பக்கம், தடித்து உருண்ட முனை நெஞ்சுப் பக்கம். நெஞ்சுப் பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னால் புடைத்திருக்கும். அடிப்பக்கத்தில் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், சப்கிளேவியஸ் தசை ஒட்டும் இடம். மேல்பக்கம் வழவழ. பிளாஸ்டிக்கில் அந்தப் பள்ளம் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அப்போது தட்டை முனைக்குப் பக்கத்தில் அடியில் பின் ஓரமாக ஒரு முண்டு தேடு, கோனாய்டு டியூபர்கிள். அது கீழே, பின்னால் என்று இரண்டு தகவலை ஒரே அடியில் தந்துவிடும்.

ரேடியஸ், அல்னாவில் மாட்டுகிறவர்களும் அதிகம். ரேடியஸின் தலை மேலே, அல்னாவின் தலை கீழே. "தலை என்றால் மேலே" என்று பிடித்தால் அல்னா தலைகீழாகிவிடும். அல்னாவில் கொக்கி போல வாய் திறந்திருக்கும் பெரிய முனைதான் மேல், வாய் முன்னால், ரேடியஸ் தலை உட்காரும் சிறு வெட்டு வெளிப்பக்கம். ரேடியஸில் வட்டத் தட்டு மேலே, அகன்ற முனை கீழே, அந்த அகன்ற முனையின் கூர் வெளிப்பக்கம், பின்னால் ஒரு சிறு மேடு. தண்டின் கூரான விளிம்பு அல்னாவைப் பார்த்திருக்கும்.

டிபியா சுலபம்: முன்னால் டியூபரோசிட்டி என்ற மேடு, கீழே உட்பக்கம் மல்லியோலஸ் என்ற கணுக்கால் முண்டு. இடுப்பெலும்பை எடுத்தால் ஃபீமர் தலை உட்காரும் கிண்ணம் வெளிப்பக்கம், பெரிய ஓட்டை கீழே, பியூபிஸ் என்ற பகுதி முன்னால். ஆனால் பிடிக்கும் சாய்வைக் கவனி. முன் மேல் முள்ளும் பியூபிக் சிம்ஃபிசிஸின் (இரு பியூபிஸும் சேரும் இடம்) மேல் முனையும் ஒரே செங்குத்துத் தளத்தில் வரவேண்டும். சுவரில் இரண்டும் ஒரே நேரத்தில் முட்டுகிற மாதிரி பிடித்துப் பார்த்தால் கோணம் கையில் பதிந்துவிடும். கேட்பவர்கள் பெயருக்கு முன்னால் இந்தப் பிடியைத்தான் பார்க்கிறார்கள்.

படிக்கட்டு

பட்டெல்லாவுக்கு இவ்வளவு வேண்டாம். மேசையில் வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்.

மூட்டுவாயில்

பாதிதான் சொன்னீர்கள் படிக்கட்டு. மூட்டு முகம் கீழே மேசையைத் தொட வேண்டும், கூர் முனை நம்மை விட்டு விலகி எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கூரை நம் பக்கம் திருப்பி வைத்தால் விடையும் தலைகீழ். சாய்வதற்குக் காரணம் வெளிப்பக்கத்து முகம் பெரிதாக இருப்பது. வைக்கும் முறை மறந்துவிட்டால் உன் சொந்த முழங்காலைக் கால் நீட்டிப் பார்: கூர் உன்னை விட்டு விலகி, முன்பக்கம் மேலே. அதே மாதிரிதான் மேசையிலும்.

தேய்ந்த பிளாஸ்டிக் சில்லு எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கும். அப்போது திருப்பி, மூட்டு முகத்தின் மேட்டுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் அகலம் அதிகம் என்று பார்.

வல்லைவெளி

தமிழ்ப் பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் உயர்தரம்வரை தமிழிலேயே உயிரியல் படிக்கிறபடியால் எங்களுக்கு என்பு (எலும்பு), ஆரை (ரேடியஸ்), அரந்தி (அல்னா) என்றுதான் முதலில் வரும். பிறகு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாற வேணும். இரட்டை வேலை என்பது பாதி உண்மை. எல்லாப் பெயருக்கும் தமிழ் தேடினால் நேரம் வீண். சில பெயர்களுக்குத் தமிழும் லத்தீனும் ஒரே படத்தைக் காட்டும், அவற்றை மட்டும் எடுங்கோ.

ரேடியஸ் லத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால். தமிழிலும் ஆரை. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அல்னா நிலையாக நிற்க, ரேடியஸ் அதைச் சுற்றிக் குறுக்கே வரும். அல்னா என்றால் முழங்கை. பூக்காரர் முழம் போடும்போது எங்கேயிருந்து அளக்கத் தொடங்குகிறாரோ, அந்த முனை அல்னாவின் மேல் முனைதான்.

கிளாவிக்கிளுக்குக் காறை எலும்பு. காறை கழுத்தை ஒட்டி அணியும் பழைய நகை. பட்டெல்லா லத்தீனில் சிறு தட்டு, தமிழில் முழங்காற்சில்லு. சில்லு விளையாடினவர்களுக்கு அந்த வடிவம் சொல்லித் தரத் தேவையில்லை. காதுக்குள் மூன்றும் அப்படியே: மாலியஸ் சுத்தி, இன்கஸ் பட்டடை, ஸ்டேபிஸ் அங்கவடி. கொல்லன் பட்டறையும் குதிரையும். வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையும் அதுதான், சுத்தி செவிப்பறையில் ஒட்டியிருக்கும்.

மண்டையோட்டில் இது இன்னும் உதவும். எத்மாய்டு சல்லடை, மணம் அறியும் நரம்பிழைகள் இறங்குகிற ஓட்டைகள் அதில் உண்டு. ஸ்ஃபீனாய்டு ஆப்பு, மற்ற எலும்புகளுக்கு நடுவில் அறைந்து வைத்தது போல; கபாலத்தின் மற்ற 7 எலும்பையும் அது தொடும். வோமர் ஏர்க்கொழு. ஸைகோமா நுகத்தடி. லாக்ரிமல் கண்ணீர், கண்ணின் உள் மூலையில். காக்ஸிக்ஸ் குயிலின் அலகு.

ஸ்கேஃபாய்டும் படகு, பாதத்தில் இருக்கும் நாவிக்குலரும் படகு. ஒன்று கிரேக்கப் படகு, மற்றது லத்தீன் படகு. பழைய நூல்களில் மணிக்கட்டுப் படகையும் நாவிக்குலர் என்று எழுதியிருப்பார்கள், பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மெரினா சுண்டல்

பாதத்துக்கும் ஒரு வார்த்தை, யாரும் தொடவில்லை. குதிகாலில் கால்கேனியஸ், அதன் மேல் சவாரி டேலஸ். டேலஸுக்கு முன்னால் நாவிக்குலர், நாவிக்குலருக்கு முன்னால் மூன்று க்யூனிஃபார்ம், அவற்றுக்கு முன்னால் 1, 2, 3-ஆம் மெட்டாடார்சல். வெளிப்பக்கத்தில் கால்கேனியஸுக்கு முன்னால் நேராக க்யூபாய்டு, அதற்கு முன்னால் 4, 5. டேலஸில் எந்தத் தசையும் ஒட்டுவதில்லை, வைவாவில் கேட்டே தீருவார்கள்.

முழங்கைமுனை

பிசியோ படிப்பவர் என்பதால் சொல்கிறேன்: மேசையில் உள்ள எலும்பை விடத் தோலுக்கு அடியில் உள்ள எலும்புதான் பிறகு வேலைக்கு வரும். பெயரைச் சொல்லிக்கொண்டே உன் உடம்பில் தொடு. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மணிக்கட்டு முழுவதையும் முடிக்கலாம்.

கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கினால் அதன் அடியில் இரண்டு நரம்பு மாதிரி எழும்பும் (அவை தசைநாண்கள்), நடுவில் குழி. மூக்குப்பொடி வைக்கும் குழி என்றே அதற்குப் பெயர். குழியின் தரையில் ஸ்கேஃபாய்டு. கையை நீட்டி ஊன்றி விழுந்தவர்களுக்கு அங்கே அழுத்தினால் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முறிவு இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது.

மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் உருண்டையாகத் தட்டுப்படுவது பிசிஃபார்ம். கையைத் தளர்த்தினால் பக்கவாட்டில் நகரும், மடக்கி இறுக்கினால் நகராது. அந்தப் பட்டாணி மேல் மறு கையின் கட்டைவிரல் நடு மடிப்பை வை. நுனி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சவ்வைப் பார்க்கட்டும். நுனி விழும் இடத்தில் ஆழமாக அழுத்தினால் ஹேமேட்டின் கொக்கி, லேசாக வலிக்கும். புறங்கையில் நடுவிரல் மெட்டாகார்ப்பலைப் பிடித்துக்கொண்டே மணிக்கட்டை நோக்கி வந்தால் ஒரு பள்ளத்தில் விழுவாய், அங்கே கேபிடேட்.

விலா எண்ணுவதற்குத் தொண்டைக் குழியிலிருந்து தொடங்காதே, முதல் விலா காறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஸ்டெர்னத்தில் விரலை மேலிருந்து இறக்கினால் ஒரு குறுக்கு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் ஒட்டுவது இரண்டாம் விலா. அங்கிருந்து எண்ணு, எண்ண எண்ணச் சற்று வெளிப்பக்கமாக நகர்ந்து போ. ஸ்டெர்னத்தை ஒட்டியே போனால் கீழே குருத்தெலும்புகள் நெருங்கிக் கிடக்கும், எண்ணிக்கை தப்பும்.

முதுகில்: கழுத்தைக் குனிந்தால் துருத்துவது சி7, அதாவது ஏழாவது சர்விகல். சிலருக்கு அதே அளவில் இரண்டு துருத்தும். விரல் வைத்தபடி தலையை மெல்லப் பின்னால் சாய்த்தால் சி6 உள்ளே போய் மறையும், சி7 விரலுக்கு அடியிலேயே இருக்கும். கையைத் தொங்கவிட்டால் ஸ்கேப்புலாவின் கீழ் மூலை டி7 (ஏழாவது தொராசிக்) முள்ளுக்கு நேர். இடுப்பெலும்பின் உச்சிகளை இணைக்கும் கோடு எல்4 (நாலாவது லம்பார்).

தனி முள்ளெலும்பைக் கையில் கொடுத்தால் பக்கவாட்டில் ஓட்டை இருக்கிறதா பார், இருந்தால் சர்விகல். விலா ஒட்டும் வழவழ முகம் இருந்தால் தொராசிக். இரண்டும் இல்லை, உடல் பெருத்திருக்கிறது என்றால் லம்பார். முள்ளின் நீளத்தை வைத்து முதலில் முடிவு செய்யாதே.

கெடிலக்கரை

அருமை அக்கா. பஸ்ஸில் செய்து பார்த்தேன், பட்டாணி கிடைத்துவிட்டது, கொக்கி கிடைக்கவில்லை. இரண்டு சந்தேகம் மிச்சம். இலியம் என்று எலும்பும் இருக்கிறது, குடலும் இருக்கிறது, இரண்டும் ஒன்றா? பிறகு ஒரு பழைய நூலில் எலும்பு 300 என்று இருந்தது, குழந்தைக் கணக்கா?

முழங்கைமுனை

கொக்கிக்கு இன்னும் அழுத்து, மேலே சதை இருக்கிறது.

இலியம் தமிழில் எழுதினாலும் காதில் கேட்டாலும் ஒன்றுதான், ஆங்கில எழுத்தில்தான் வித்தியாசம். எலும்புக்கு "எல்" எழுத்தை அடுத்து "ஐ" எழுத்து, குடலுக்கு "ஈ" எழுத்து. ஹிப் என்ற சொல்லில் ஐ இருக்கிறது, ஈட் என்ற சொல் ஈ எழுத்தில் தொடங்குகிறது. இடுப்புக்கு ஐ, சாப்பாட்டுக்கு ஈ. இன்னொரு வம்பு: ஃபிபுலார் என்று ஒரு புத்தகமும் பெரோனியல் என்று இன்னொன்றும் எழுதும். இரண்டும் ஒரே எலும்பைக் குறிக்கும் சொற்கள், நரம்பும் தசையும் அதன் பெயரையே வாங்கியிருக்கின்றன.

சுண்ணாம்புக்கல்

300-க்கு இரண்டு பதில். பிறக்கும்போது எலும்புத் துண்டுகள் 206-ஐ விட நிறைய. பிறகு ஒட்டுகின்றன. சேக்ரம் ஐந்து முள்ளெலும்பு ஒட்டியது. இடுப்பெலும்பு இலியம், இஸ்கியம், பியூபிஸ் மூன்றும் பருவ வயதில் கிண்ணத்துக்குள் ஒட்டியது. சிறு பிள்ளையின் எக்ஸ்ரேயில் கிண்ணத்துக்குள் கோடு தெரிந்தால் முறிவு என்று சொல்லிவிடாதே.

பழைய நூல் சுசுருதரைப் பேசுகிறது என்றால் அது குழந்தைக் கணக்கு இல்லை. அவர் பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து 300 என்றார், சரகர் 360. எதை எலும்பு என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். 206-லும் அதே கதைதான்: தசைநாணுக்குள் இருக்கும் எலும்பில் பட்டெல்லாவை எண்ணுகிறோம், கால் பெருவிரலின் அடியில் உள்ள இரண்டு சிறு எலும்பை எண்ணுவதில்லை.

மூட்டுவாயில்

ஊட்டத் துளை யாரும் சொல்லவில்லை, அது நிச்சயம் வரும். நீள எலும்பின் தண்டில் இரத்தக்குழாய் நுழையும் துளை சாய்வாக இருக்கும். சாயும் திசைக்குச் சூத்திரம்: முழங்கையை நோக்கி, முழங்காலை விட்டு. ஹ்யூமரஸில் கீழ்நோக்கி, ரேடியஸ் அல்னாவில் மேல்நோக்கி. ஃபீமரில் மேல்நோக்கி, டிபியா ஃபிபுலாவில் கீழ்நோக்கி. அதிகம் வளரும் முனை இதற்கு எதிர்ப்பக்கம். துடைப்பக் குச்சியின் மெல்லிய நுனியைத் துளையில் வைத்தால் சாய்வு தெரியும், திணிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் இந்தத் துளை பெரும்பாலும் வெறும் புள்ளிதான், இதற்காக ஒரு முறையாவது துறையின் உண்மை எலும்பைப் பார்த்துவிடு.

அங்கே மண்டையோட்டை எடுத்தால் கண்குழிக்குள் விரல் விட்டுத் தூக்காதே. உட்சுவரில் லாக்ரிமலும் எத்மாய்டின் ஓரமும் காகிதம் மாதிரி, உடைந்துவிடும். இரண்டு கையாலும் அடியைத் தாங்கி எடு. மேசையில் துணியைச் சும்மாடு போலச் சுருட்டி அதன் மேல் வை, உருளாது.

பாதி செட்டில் ஒரு பொறி இருக்கிறது. அதில் எல்லாம் ஒரே பக்கத்து எலும்புகள். மூன்று வாரம் அதையே பிடித்தால் உன் வாய் பார்க்காமலே "வலது" என்று சொல்லப் பழகிவிடும், வைவாவில் இடது வந்தால் அப்போதும் வலதுதான் வரும். மறுபக்கத்து செட் வைத்திருப்பவரோடு ஒரு வாரத்துக்கு மாற்றிக்கொள். ஆள் கிடைக்காவிட்டால் எலும்பைப் போனில் படம் எடுத்து இடவலமாகத் திருப்பு, அது அடுத்த பக்கத்து எலும்பாகிவிடும். திருப்பியது, திருப்பாதது இரண்டையும் கலந்து ஒரே ஆல்பத்தில் போட்டு, பார்த்த ஐந்து நொடிக்குள் பெயரும் பக்கமும் சொல்லிப் பழகு.